பெட்டி பேசலாகாது

வீணைக்கு ஏற்ற பலா மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தஞ்சாவூர் ஆசாரிகள் காட்டும் சிரத்தையைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கும் நமக்கு, நல்ல மரத்திலிருந்துதான் நல்ல நாதம் பிறக்கும் என்ற எண்ணம் ஊறிப்போயிருப்பதில் ஆச்சரியமில்லை. அந்த எண்ணத்தை அப்படியே கொண்டுபோய் ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் ஏற்றிவிடுவதுதான் விபரீதம். வீணையின் குடம் அதிர்வதற்காகவே குடையப்படுவது. தந்தியின் சன்னமான அசைவை வாங்கி, அதற்குத் தன் சொந்தக் குணத்தையும் சேர்த்துச் சபைக்குக் கொடுப்பதே அதன் தொழில். ஒலிபெருக்கிப் பெட்டியோ, அந்த வீணையின் குரலைக் கூட்டாமலும் குறைக்காமலும் வீட்டுக் கூடத்தில் ஒப்படைத்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கக் கடமைப்பட்டது. ஆகவே, தேக்கா, ஈட்டியா, இறக்குமதியான பிர்ச் பலகையா என்று மரத்தின் குலம் கோத்திரம் விசாரிப்பதில் பொழுதைச் செலவிடும் ரசிகர்கள், அந்த மரத்தை எப்படி வாயடைக்கச் செய்வது என்பதில் அதில் பாதியாவது செலவிட்டால் தேவலை என்பது என் அபிப்பிராயம்.

வீட்டிலேயே பெட்டி செய்துகொள்ளும் ரசிகர்களில் துணிச்சல் மிக்கவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் ‘டிரான்ஸ்மிஷன் லைன்’ என்ற வகை. தாழ்ந்த ஸ்வரங்களை எழுப்பும் ஸ்பீக்கரான வூஃபரின் கூம்பு முன்புறம் காற்றைத் தள்ளும்போதே பின்புறம் அதே அளவு காற்றை இழுக்கிறது. அந்தப் பின்புறத்து ஒலியை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட பல விடைகளே பெட்டி வகைகள் யாவும். அடைத்த பெட்டி அதை உள்ளேயே சிறை வைக்கிறது. துளையிட்ட பெட்டி அதை ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. டிரான்ஸ்மிஷன் லைனோ, பலகைத் தடுப்புகளால் மடித்து அமைத்த நீண்டதொரு குழாய் வழியே அதை நடக்கவிட்டு, வழியெங்கும் ரோமத்தாலோ பஞ்சாலோ அதன் வேகத்தையும் வீறையும் தணித்து, மிகத் தாழ்ந்த மந்தர ஸ்வரங்களை மட்டும் குழாயின் திறந்த வாய் வழியே அறைக்குள் அனுப்புகிறது. குழாயின் நீளம், அது துணைபுரிய வேண்டிய ஸ்வரத்தின் அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு. 40 ஹெர்ட்ஸுக்குக் காற்றில் அலைநீளம் ஏறக்குறைய 8.6 மீட்டர்; ஆகவே குழாய் 2.15 மீட்டர், அதாவது ஏழடி. ஏழடிக் குழாயை இடுப்புயரப் பெட்டிக்குள் மடித்து வைக்க வேண்டுமென்றால், எத்தனை பலகை, எத்தனை இணைப்பு, எத்தனை மூலை என்று கணக்குப் போட்டுப் பார்த்தாலே, வியாபாரிகள் ஏன் இந்த வகையைப் பெரும்பாலும் தொடுவதில்லை என்பது விளங்கிவிடும்.

இதன் பூர்வீகம் பழையது. அமெரிக்காவில் ஸ்ட்ராம்பெர்க்-கார்ல்சன் கம்பெனியில் பெஞ்சமின் ஓல்னி என்பவர் 1930-களிலேயே, வளைந்து வளைந்து செல்லும் பாதையின் சுவர்களில் ஒலியுறிஞ்சும் பொருளை ஒட்டி ஒரு பெட்டியைச் செய்தார். ஆனால் பாதையைச் சுவரோடு நிறுத்தாமல் அதன் வெளி முழுவதையும் நீண்ட இழைகளையுடைய ஆட்டு ரோமத்தால் நிரப்பலாம் என்று செய்துகாட்டி, இன்று நாம் அறியும் உருவத்தை அதற்குக் கொடுத்தவர், இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் பெய்லி. 1965 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரையை வைத்துக்கொண்டு எத்தனையோ ஆங்கிலேயர்கள் தம் வீட்டுக் கொட்டகைகளில் ரம்பத்தை எடுத்தார்கள். பிராட்ஃபோர்டு, கம்பளி ஆலைகளுக்கு உலகப் பிரசித்தி பெற்ற ஊர். அங்கேயிருந்து ஒருவர் ஒலியைத் தணிக்க ஆட்டு ரோமத்தைச் சிபாரிசு செய்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் நினைக்கும்போது புன்னகை வருகிறது.

இந்தப் பெட்டியில் தணிக்க வேண்டியவை இரண்டு: குழாயினுள்ளே இருக்கும் காற்று ஒன்று, குழாயாக அமைந்த மரம் மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, ஒன்றின் நோய்க்கு மற்றொன்றின் மருந்தைக் கொடுப்பதுதான் வீட்டுப் பெட்டிகளில் நான் காணும் தீராத குறை. பாஸ் ஒலி குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் இன்னும் ஒரு பலகையை மேலே ஒட்டுகிறார்கள். பலகை முனகினால் உள்ளே இன்னும் கொஞ்சம் பஞ்சைத் திணிக்கிறார்கள். குழாயின் காற்று அனுநாதத்தைப் பலகையின் கனம் அணுவளவும் அசைக்காது. பலகையின் நடுக்கத்தைக் குழாயின் நடுவில் மிதக்கும் ரோமம் அறியவே அறியாது.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு முனை மூடி, மறு முனை திறந்த குழாயின் அடிப்படை அனுநாதம் 40 ஹெர்ட்ஸ் என்றால், அதன் மேல் அனுநாதங்கள் ஒற்றைப்படை மடங்குகளாக 120, 200, 280 என்று ஏறிக்கொண்டே போகும். நமக்கு வேண்டியது 40 மட்டும். 120 என்பது ஆண்குரலின் ஆதார சுருதி வாசம் செய்யும் இடம். அங்கே குழாய் தன் குரலைக் கலந்தால், செய்தி வாசிப்பவர் கிணற்றடியிலிருந்து வாசிப்பதுபோல் தோன்றும். ரோமம் தடுப்பது காற்றின் அசைவையே தவிர அதன் அழுத்தத்தை அன்று. மூடிய முனையை ஒட்டி, தாழ்ந்த ஸ்வரங்களைப் பொறுத்தவரை, அழுத்தம் ஏறி இறங்குகிறதேயன்றிக் காற்று அதிகம் நகர்வதில்லை. ஆகவே அங்கே மூட்டை மூட்டையாகத் திணித்தாலும் அந்த ஸ்வரங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. மூடிய முனையிலிருந்து குழாயின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விஷயம் வேறு: 120-க்கு உரிய காற்றசைவு அங்கே உச்சத்தில் இருக்கிறது, 40-க்கு உரியதோ தன் உச்சத்தில் பாதி அளவே இருக்கிறது. தேய்ந்து போகும் சக்தி அசைவின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அவ்விடத்தில் வைக்கும் ரோமம், வேண்டாத 120-ஐ முழு பலத்தோடு பிடித்து, வேண்டிய 40-இலிருந்து நாலில் ஒரு பங்கு வரியே வசூலிக்கிறது. திறந்த வாயிலோ இரண்டும் உச்சத்தில் இருப்பதால், அங்கே அடைத்த ரோமம் வேண்டியதையும் வேண்டாததையும் ஒரே தராசில் நிறுத்தித் தண்டிக்கிறது. வாயை நெருங்கும் கடைசிப் பகுதியைக் காலியாக விடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதன் தாத்பரியம் இதுவே. வூஃபரையே அந்த மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பொருத்திவிட்டால், 120-க்கு உரிய அழுத்தம் அவ்விடத்தில் பூஜ்யமாகையால் அந்த அனுநாதத்தைத் தூண்டவே அதனால் இயலாது; ரோமத்தின் வேலையில் பாதி, ரோமம் வாங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். அமெரிக்காவில் ஜார்ஜ் ஆக்ஸ்பர்கர் 2000-ஆம் ஆண்டில் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் சஞ்சிகையில் பஞ்சடைத்த குழாய்களைப் பற்றி வெளியிட்ட ஆராய்ச்சிக்குப் பிறகு, இவற்றையெல்லாம் பலகை அறுப்பதற்கு முன்பே கணக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

அளவு என்ன என்றால், பெய்லியின் காலத்திலிருந்து வழங்கி வருவது கன அடிக்கு அரை ராத்தல். நம் கணக்கில் லிட்டருக்கு எட்டுக் கிராம். 300 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள ஏழடிக் குழாய் முழுவதையும் நிரப்பினாலும் அரைக் கிலோவுக்குச் சற்று மேலேதான் வரும். மரத்துக்கும் மேலொட்டுக்கும் ஆயிரங்களைக் கொட்டும் நண்பர்கள், ஒலியின் குணத்தை நிர்ணயிக்கும் இந்த அரைக் கிலோவைத் தராசில் வைக்காமல் கைக்கு வந்தபடி அள்ளித் திணிப்பது எனக்கு விளங்காத ரகசியங்களில் ஒன்று. ரோமம் கிடைக்காதவர்கள் தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சை உபயோகிக்கலாம். அது பூச்சி அரிக்காது என்ற சௌகரியமும் உண்டு. கண்ணாடி இழையை மட்டும், கூம்பு அசையும்போதெல்லாம் மூச்சு விடுவதுபோல் காற்றை வெளியே தள்ளும் திறந்த வாயுள்ள பெட்டியில், குழந்தைகள் தவழும் கூடத்தில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இனி மரம். இங்கே ஆட்சி செய்வது கனத்தின்மேல் உள்ள பக்தி. பதினெட்டு மில்லிமீட்டர் நல்லது, இருபத்தைந்து அதனினும் நல்லது, இரண்டு பலகையை ஒட்டி முப்பத்தாறாக்கினால் மோட்சம் என்பது அந்த பக்தியின் ஏணி. பலகையின் கனத்தை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது என்பது உண்மை. ஆனால் எடையும் கூடவே இரட்டிப்பதால், அனுநாத அதிர்வெண் இரண்டு மடங்குதான் ஏறுகிறது. இதற்கு மாறாக, 30 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பக்கப் பலகையின் நடுவே, உயரவாக்கில், மேலிருந்து கீழ் வரை ஒரு சட்டத்தை நிறுத்தி, அதை எதிர்ப் பலகையோடு பிணைத்துவிட்டால், பழைய கனத்திலேயே அதிர்வெண் ஏறக்குறைய நான்கு மடங்கு ஏறிவிடுகிறது. அதே சட்டத்தைப் படுக்கைவாக்கில், பலகையின் பாதி உயரத்தில் குறுக்கே வைத்தால், ஏற்றம் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. காரணம், நீண்ட பலகையின் அதிர்வை நிர்ணயிப்பது அதன் குறுகிய பக்கம். குறுகியதைப் பிளந்தால் பயன், நீண்டதைப் பிளந்தால் வீண். எத்தனை பெட்டிகளைத் திறந்து பார்த்தாலும், ஆசாரி அலமாரித் தட்டைப்போல் குறுக்கே வைத்த ரீப்பர்களே கண்ணில் படுகின்றன. சட்டத்தைச் சரி நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால், இரு பாதிகளும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து பாடுவதும் தவிரும்.

டிரான்ஸ்மிஷன் லைனுக்கு இந்த விஷயத்தில் ஒரு பிறவி பாக்கியம் உண்டு. குழாயை மடிக்கும் தடுப்புப் பலகைகள், பக்கத்துக்குப் பக்கம் உயரவாக்கில் ஓடுபவையாகையால், தாமே விறைப்புச் சட்டங்களாகவும் நின்று உபகாரம் செய்கின்றன. அவற்றைப் பக்கப் பலகையில் வெட்டிய பள்ளத்தில் இறக்கிப் பசையிட்டு, நீளம் முழுவதும் சந்தில்லாமல் பிடிக்கச் செய்தால், பணம் கொடுத்து வாங்க முடியாத விறைப்பு இலவசமாக வந்து சேரும். நாலைந்து ஆணியால் மட்டும் பிடித்து நிற்கும் தடுப்போ, குழாயின் ஒரு மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தால் தானே நடுங்கி, இல்லாத நோயை உண்டாக்கிவிடும். அழுத்தம் உச்சமாக இருப்பது மூடிய முனையில் என்று முன்பே பார்த்தோம். ரோமம் பயனற்றுப்போகும் அந்த இடமே சட்டங்கள் மிகுதியாக வேண்டிய இடம். வூஃபரைத் தாங்கும் முன்பலகை வட்டமாக வெட்டப்பட்டதால் பலமிழந்து, கூம்பு உதைக்கும் எதிருதையையும் நேராக வாங்குவது. அதைப் பின்பலகையோடு ஒரு கட்டையால் இணைக்காத பெட்டியை முடிந்துவிட்ட பெட்டியாக நான் எண்ணுவதில்லை.

விறைப்பை இவ்வளவு புகழ்ந்த பிறகு, விறைப்பே கூடாதென்று ஏறக்குறையச் சொன்ன ஒரு மகத்தான பள்ளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லண்டன் பி.பி.சி.யின் ஆராய்ச்சிப் பகுதியில் பணியாற்றிய ஹார்வுட், மாத்யூஸ் இருவரும் 1977-இல் பெட்டி அமைப்பைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பலகையைத் தடிப்பாக்கினால் அதன் அனுநாதம், காது கூர்மையாக இருக்கும் மேல் ஸ்தாயிக்கு ஏறிவிடும், அந்தத் தடித்த பலகையைத் தணிக்க அதற்கேற்பத் தடித்த பூச்சும் தேவைப்படும், ஆகவே மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகையை எடுத்து, அதன் உட்புறத்தில் தாரூறிய அட்டைகளைத் தாராளமாக ஒட்டி, அனுநாதத்தைக் கீழேயே வைத்து அங்கேயே கொன்றுவிடுவது மேல் என்பது அவர்கள் கொள்கையின் சாரம். அறிவிப்பாளரின் குரல் கருவியில் எப்படிக் கேட்கிறது என்பதையும், அடுத்த அறையில் அவரே பேசும்போது எப்படிக் கேட்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி அந்த ஸ்தாபனத்துக்கு இருந்தது. மனிதக் குரலே அவர்களுடைய உரைகல். எல்.எஸ்.3/5ஏ என்ற அவர்களுடைய சின்னஞ்சிறு பெட்டிக்கு இன்றும் உபாசகர்கள் இருக்கிறார்கள். ஹார்வுட் அதே ஆண்டில் தொடங்கிய ஹார்பெத் நிறுவனம் மெல்லிய சுவர் மார்க்கத்தை இன்றளவும் கைவிடவில்லை. மறுபுறம், பி அண்டு டபிள்யூ நிறுவனம் 1980-களில் தேன்கூட்டைப்போல் பெட்டி முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைப் பின்னி ‘மேட்ரிக்ஸ்’ என்ற பெயரில் விற்றபோது, அதுவும் ஒலிப்பதிவுக் கூடங்களில் சிம்மாசனம் ஏறிற்று.

இரு பள்ளியாரும் புத்திசாலிகள், இவர்களில் யார் சொல்வதைக் கேட்பது? இரண்டையும் கலந்து பாதிப் பாதி செய்துகொள் என்று சொல்லும் சமரச உபதேசம் எனக்கு உவப்பில்லை. கேட்க வேண்டிய கேள்வி, உன் வூஃபர் எந்த ஸ்வரத்தில் வேலையை நிறுத்துகிறது என்பதே. மூன்று ஸ்பீக்கர்கள் உள்ள பெட்டியில், ஸ்வரங்களை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர், வூஃபரை 300 ஹெர்ட்ஸிலேயே நிறுத்திவிடுகிறது என்றால், சட்டங்களை அடித்துப் பலகையின் அனுநாதத்தை ஆயிரத்துக்குத் தள்ளிவிடு. அங்கே அதைத் தட்டி எழுப்பும் ஒலியே குழாய்க்குள் இல்லாதபோது, அது உறங்கிக் கிடக்கும். ஒரே வூஃபர் மூவாயிரம் வரை பாட வேண்டிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டியில் அந்தத் தந்திரம் பலிக்காது; எங்கே தள்ளினாலும் அங்கே தூண்டும் ஒலி காத்திருக்கிறது. அங்கே பி.பி.சி. மார்க்கமே மார்க்கம்: பலகையைத் தணிக்க வேண்டும், தள்ளக் கூடாது. எல்.எஸ்.3/5ஏ இரண்டாவது வகைப் பெட்டி என்பதை மறந்துவிட்டு அதன் மெல்லிய சுவரைப் பெரிய மூன்று ஸ்பீக்கர் லைனுக்கு நகலெடுப்பதும், பெரிய லைனின் கோட்டைச் சுவரைச் சின்னப் பெட்டிக்கு நகலெடுப்பதும் கதையைப் படித்தும் கதாநாயகன் யாரென்று தெரியாமல் போவதாகும்.

தணிப்புக்கு உபாயங்கள் பல. வார்ஃப்டேல் நிறுவனத்தை 1932-இல் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே உலர்ந்த மணலைக் கொட்டி நிரப்பினார். மணல் துகள்கள் ஒன்றோடொன்று உராய்வதில் அதிர்வு வெப்பமாகி ஒழிந்துவிடும். (அவரும் பிராட்ஃபோர்டுக்காரர்தான், ஒலிபெருக்கிக்கு வருமுன் துணி வியாபாரம் செய்தவர்.) பெட்டியை இடம் மாற்ற நான்கு ஆள் வேண்டும் என்பதைத் தவிர அதில் குறை சொல்வதற்கில்லை. இரண்டு பலகைகளை என்றும் முழுதாக இறுகிப்போகாத ஒரு பசையால் ஒட்டுவது இன்னொரு வழி: பலகைகள் வளைய முயலும்போது நடுவிலுள்ள பசை இருபுறமும் இழுபட்டு, அதிர்வைத் தானே தின்றுவிடுகிறது. எளியவருக்கு எளிய வழி, கார் கதவுகளின் உட்புறம் ஒட்டும் தார்த்தாளை வாங்கி, பலகையின் நடுப்பகுதியில், அதாவது அது மிகுதியாக வளையும் இடத்தில், ஒட்டுவது. ஓரங்களில் பலகை வளைவதில்லை. அங்கே ஒட்டும் தார் காசுக்குக் கேடு. மெத்தென்ற நுரைப்பஞ்சைப் பலகையில் ஒட்டிவிட்டுப் பலகையைத் தணித்துவிட்டதாக நம்புவது இன்னும் பெரிய கேடு. அது காற்றை ஓரளவு தணிக்கும், மரத்துக்கு அதனால் ஒரு பயனுமில்லை. பலகையில், எம்.டி.எஃப். சொந்தத் தணிப்பு சற்று உள்ளது, விறைப்புக் குறைந்தது. நல்ல ஒட்டுப்பலகை விறைப்பு மிக்கது, எடை குறைந்தது, நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஊதிப்போகாதது. ஆகவே சட்டம் அடிக்கும் மார்க்கத்தானாயினும் தார் ஒட்டும் மார்க்கத்தானாயினும், சென்னையில் இருப்பவனுக்கு ஒட்டுப்பலகையே என் சிபாரிசு.

விரல் முட்டியால் பெட்டியைத் தட்டி, ‘டொக்’ என்று கேட்டதும் திருப்தியடைந்து தலையசைக்கும் வழக்கம் இருக்கிறதே, அது மாட்டுச் சந்தைக்குப் பொருத்தம், ஒலிபெருக்கிக்கு அன்று. முட்டி ஒரே இடத்தில், ஒரே கணத்தில், எல்லா ஸ்வரங்களிலும் அடிக்கிறது; வூஃபரோ பலகை முழுவதையும், ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில், விடாமல் அழுத்துகிறது. முட்டிக்கு மௌனமாக இருந்த பலகை நீடித்த ஸ்வரத்துக்கு முனகுவதுண்டு. இன்று எல்லார் கையிலும் உள்ள தொலைபேசியிலேயே சுத்த ஸ்வரத்தை எழுப்பும் செயலிகள் கிடைக்கின்றன. 50 ஹெர்ட்ஸில் தொடங்கி ஆயிரம் வரை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போய், மறு கையின் விரல் நுனிகளைப் பலகை பலகையாக வைத்துப் பார்த்தால், எந்தப் பலகை எந்த ஸ்வரத்தில் உயிர் பெறுகிறது என்பதை விரலே சொல்லிவிடும். வைத்தியரின் ஸ்டெதாஸ்கோப் கிடைத்தால் இன்னும் நன்று. அதற்குப் பிறகு, பழக்கமான ஓர் ஆண்குரலின் பேச்சை, பாட்டை அன்று, பேச்சைக் கேட்க வேண்டும். பின்பு மிருதங்கத்தின் தொப்பியை. தொப்பியின் அடி எழுந்த வேகத்திலேயே அடங்காமல் வால் நீட்டினால், குற்றவாளி குழாயா மரமா என்று விரல்கள் முன்பே குறித்துக் கொடுத்திருக்கும்.

இந்தச் சோதனையெல்லாம் பெட்டியைத் திறந்து மூட முடிந்தால்தான் பயன் தரும். கடைச்சரக்குக்கு இல்லாத ஐசுவரியம் வீட்டுப் பெட்டிக்கு ஒன்று உண்டென்றால் அது காலம்: தொழிற்சாலையில் ஒரு பெட்டிக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்கு இருக்கும்; வீட்டில் ரோமத்தை நூறு கிராம் எடுத்துவிட்டு ஒரு வாரம் கேட்டுப் பார்க்கலாம், மறுபடி ஐம்பது சேர்த்துவிட்டு மற்றொரு வாரம் கேட்கலாம், யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அப்படியிருந்தும் நம்மவர்கள் முதல் நாளே ஆறு பக்கமும் பசையிட்டு, ஆணியடித்து, மேலே மெருகும் பூசி, அந்த ஐசுவரியத்தைத் தங்கள் கையாலேயே பூட்டிவிடுகிறார்கள். பக்கப் பலகைகளில் ஒன்றையாவது, விளிம்பு முழுவதும் ரப்பர் நாடா ஒட்டி, கைப்பிடி நீளத்துக்கு ஒன்றாகத் திருகாணி வைத்து, கழற்றும்படியாக அமைக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன். தடுப்புகளின் விளிம்பும் அந்த நாடாவில் அழுந்தி உட்கார வேண்டும். இல்லையேல் ஒரு மடிப்பின் ஒலி அடுத்த மடிப்புக்குக் குறுக்கு வழியில் ஒழுகி, ஏழடிக் குழாய் நாலடியாகிவிடும். திருகாணி வைத்த பலகை பசையிட்ட பலகையைப்போல் விறைப்பாக இராது என்ற ஆட்சேபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. திருகாணிகளை நெருக்கமாக வைத்து, தடுப்புகளின் விளிம்பிலும் சிலவற்றை இறக்கினால் அந்த நியாயம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

எல்லாம் திருப்தியாக அமைந்த பிறகு அந்தப் பலகையையும் ஒட்டிவிடலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்பேன். நிமிர்ந்து நிற்கும் குழாயில் ரோமம் வருஷக்கணக்கில் தன் எடையாலேயே கீழே இறங்கி, மேலே வெற்றிடமும் கீழே கட்டியுமாகிவிடும். மீன்வலை போன்ற நைலான் வலையைத் தட்டுத் தட்டாகக் குறுக்கே கட்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வைத்தாலும் இது தாமதப்படுமேயன்றி நிற்காது. பூச்சி மருந்தில் நனைத்து உலர்த்தாத ரோமமாயிருந்தால் அந்துப்பூச்சியின் விஜயமும் உண்டு. சில வருஷங்களுக்கு ஒரு முறை பலகையைக் கழற்றி, ரோமத்தை வெளியே எடுத்து, கையால் சிக்குப் பிரித்து உதறி, நிறுத்துப் பார்த்து, எடை குறைந்திருந்தால் குறைந்த அளவைச் சேர்த்து, மறுபடி அடைத்து மூட வேண்டியிருக்கும். அதற்குத் திருகுளி ஒன்று போதும்.